சுழலும்போதே பார்த்தல்

(நூற்றாண்டு விழா உரைத் தொடரில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து வருடங்களாக இரத்தம் பரிசோதிக்கின்றாள். ஒருத்தி பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஒருத்தி கனடாவில் மருந்துக் கம்பனி ஒன்றில் புரதங்களின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் இருக்கின்றாள். மற்றவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கின்றாள். உயர்தர வகுப்பில் நால்வருக்கும் ஒரே வாங்கு. இடப்பெயர்வு எங்களை நான்கு திசைக்கும் எறிந்த பிறகும் தொழிலால் ஒரே கருவியின் அருகில்தான் நிற்கின்றோம் என்பதைக் கண்டுபிடிக்கக் கன காலம் எடுத்தது.

விழாக் குழுவினர் எங்களுக்குத் தந்த தலைப்பு ‘பெண்களும் விஞ்ஞானமும்’. அந்தத் தலைப்பில் பேசினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது. ஆகவே அனுமதி கேட்டு அதை மாற்றிக்கொண்டோம். ஒரே ஒரு கருவி. அதற்குள் நடப்பதை ஒளியைக் கொண்டு பார்க்கும் வழிகள். பெண்கள் தாமாகவே கதைக்குள் வந்து சேருவார்கள்.

கருவியின் பெயர் பாடப்புத்தகத்தில் மையநீக்கி. ஆஸ்பத்திரியில் அதை ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, சென்றிபியூஜ்தான். இங்கே இருக்கும் தாய்மாரில் அனேகர் அதன் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைக்கு டெங்கு என்று வாட்டில் வைத்திருக்கும்போது, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாதி வந்து விரலில் குத்தி, மயிர்த்துளைக் குழாய் ஒன்றில் இரத்தம் எடுப்பார். குழாயின் ஒரு முனையைக் களிமண் போன்ற ஒன்றால் அடைத்து, தட்டையான ஒரு சென்றிபியூஜில் வைத்து ஐந்து நிமிடம் அளவில் சுழற்றுவார்கள். செங்குழியங்கள் வெளிப்பக்கம் போய் அடுக்கிக்கொள்ளும். மஞ்சள் திரவவிழையம் உட்பக்கம் நிற்கும். மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை வீதம் என்பதுதான் பி.சி.வி. நேற்று 40 ஆக இருந்தது இன்று 48 என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. குழியங்கள் கூடவில்லை, திரவவிழையம் இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிகின்றது. சேலைனை எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்று வைத்தியர் தீர்மானிப்பதற்கு இந்த ஒரு இலக்கம் பெரிய ஆதாரம்.

அந்த இலக்கம் எப்படி வருகின்றது? சுழற்சியை நிற்பாட்டி, மூடியைத் திறந்து, குழாயை அளவுகோலில் வைத்துக் கண்ணால் பார்த்து. அதாவது இதுவும் ஒளி அளவீடுதான். எல்லைக்கோடு ஒரு மில்லிமீற்றர் பிசகினால் இலக்கம் இரண்டு புள்ளிவரை பிசகும். இரவு இரண்டு மணிக்கு மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கோட்டை வாசிக்கும் ஒருத்தி எங்களுக்குள்ளேயே இருப்பதால், ‘கண்ணால் பார்ப்பதுதானே’ என்று ஒருவரும் எங்களுக்கு முன் இலேசாகச் சொல்ல முடியாது.

செங்குழியம் பெரியது. சுழற்சியை நிற்பாட்டினாலும் அடுக்கு அப்படியே நிற்கும், ஆறுதலாகப் பார்க்கலாம். ஆனால் பார்க்க வேண்டியது குழியம் அல்ல, அதற்குள் இருக்கும் ஈமோகுளோபின் மூலக்கூறு என்றால்? அவ்வளவு சிறிய பொருளைக் கீழே இழுக்கப் பல்லாயிரம் மடங்கு ஈர்ப்பு வேண்டும். அது கிடைத்தாலும், சுழற்சியை நிற்பாட்டிய கணத்திலிருந்து மூலக்கூறுகள் திரும்பப் பரவத் தொடங்கிவிடும். சுழலி வேகம் குறையும்போது திரவம் கலங்கியும் போகும். திறந்து பார்க்கும்போது பார்க்க வந்த காட்சி இல்லை. ஆகவே சுழலும்போதே பார்க்க வேண்டும்.

இதைச் செய்யத் துணிந்தவர் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடோர் சுவெட்பேர்க். 1923 இல் அவர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராகப் போய் சில மாதங்கள் இருந்தார். அங்கே நிக்கொல்ஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து, சுழலும் திரவத்தைப் படம் எடுக்கக்கூடிய முதற் கருவியைக் கட்டினார். ஊர் திரும்பி ரிண்டே என்பவரோடு அதைத் திருத்தி, 1924 இல் ‘அல்ட்ராசென்றிபியூஜ்’ என்று பெயர் வைத்தார். முதலில் அவர்கள் பார்த்தது தங்கத் துணிக்கைகளை. புரதத்துக்கு அவரைத் திருப்பிவிட்டவர் ரொபின் ஃபோரேயஸ் என்ற வைத்தியர்.

இந்த வைத்தியரை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். காய்ச்சல், மூட்டுவாதம் என்று போனால் ‘ஈ.எஸ்.ஆர். பார்த்துக்கொண்டு வாருங்கள்’ என்று துண்டு எழுதித் தருகின்றார்களே, அந்தப் பரிசோதனைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். செங்குத்தான குழாயில் இரத்தத்தை ஒரு மணித்தியாலம் அசையாமல் விட்டு, குழியங்கள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கின்றன என்று பார்ப்பது. பூமி இழுக்கிறது, நாங்கள் மேல் எல்லையைப் பார்க்கின்றோம். உப்சாலாக் கருவி செய்ததும் அதுதான். பூமியின் இழுவை போதாது என்று இன்னும் பெரிய இழுவையை உண்டாக்கினார்கள், அவ்வளவே.

எவ்வளவு பெரியது என்று பௌதிக ஆசிரியை கணக்குப் பார்த்துத் தந்திருக்கின்றார். இன்றைய கருவி நிமிடத்துக்கு 60,000 சுற்று ஓடும், செக்கனுக்கு ஆயிரம். திரவம் இருக்கும் கலம் அச்சிலிருந்து ஏழு சென்ரிமீற்றர் அளவில். அப்படியானால் அந்தக் கலம் செக்கனுக்கு 440 மீற்றர் போகின்றது. ஒலியை விட வேகம். மையநாட்ட ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 280,000 மடங்கு. ஒரு கிறாம் பொருள் 280 கிலோ எடையுள்ளது போலக் கலத்தின் அடியை அமுக்கும். தங்கைமாரே, ‘ஓமேகா வர்க்கம் ஆர்’ என்ற சூத்திரத்தில் இலக்கம் போட்டு இதை நீங்களே சரிபார்க்கலாம். பிழையென்றால் வந்து சொல்லுங்கள், அவருக்குச் சந்தோசம்.

இந்த வேகத்தில் ஓடும் ஒன்றுக்குள் எப்படிப் பார்ப்பது? விடை வீட்டுக் கூரையில் இருக்கின்றது. மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தால் இதழ்கள் கலங்கித்தான் தெரியும். ஆனால் ஓர் இதழ் ஒரே இடத்துக்கு வரும்போது மாத்திரம் கண்ணைத் திறக்க முடிந்தால், விசிறி அசையாமல் நிற்பது போலவே தெரியும். கலமும் அப்படித்தான். சுழலியில் ஒரு துளை, துளைக்குள் இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட கலம், கீழே விளக்கு, மேலே படத்தகடு. ஒவ்வொரு சுற்றிலும் கலம் விளக்குக்கு நேரே வரும் கணத்தில் மாத்திரம் ஒளி மேலே போகும். ஆயிரம் தடவை போனாலும் ஒரே இடத்தில் ஒரே படம்தான் விழும்.

சொல்வது இலேசு. கலத்தின் சுவரை நேராக அமைத்தால், ஆரை வழியே வெளியே போகும் மூலக்கூறுகள் சுவரில் முட்டிக் குவிந்து நீரோட்டம் உண்டாகி எல்லாம் கலங்கிவிடும். ஆகவே கேக்குத் துண்டு வெட்டியது போல, வெளியே போகப்போக அகலும் வடிவத்தில் கலத்தைச் செய்தார்கள். வளியின் உராய்வால் சுழலி சூடாகும்; சூடானால் திரவம் கொதிநீர்ப் பானை போல மேலும் கீழும் ஓடும். சுழலியைச் சுற்றிக் குறைந்த அமுக்கத்தில் ஐதரசனை விட்டுச் சமாளித்தார்கள். பின்னர் அமெரிக்காவில் வெற்றிடத்தில் ஓட்டும் முறை வந்தது. சமையலறையில் கேக் வெட்டத் தெரிந்தவளுக்கு முதல் விடயம் உடனே பிடிபடும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்ற மூவரும் அதை உரையிலிருந்து வெட்டச் சொன்னோம், அவள் விடவில்லை.

ஈமோகுளோபினைப் பார்த்தபோது என்ன தெரிந்தது? அக்காலத்தில் புரதம் என்பது திட்டமான அளவில்லாத சிறு துணிக்கைகளின் திரள், கூழ் போன்ற ஒன்று என்று பெரிய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். ஈமோகுளோபினில் இரும்பு எத்தனை வீதம் என்பது தெரிந்திருந்தது. அதிலிருந்து, ஓர் இரும்பணுவுக்கு மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 16,700 என்று கணக்கும் இருந்தது. மூலக்கூறு ஒன்றில் இரும்பு ஒன்றா, பத்தா, நூறா என்று மாத்திரம் தெரியாது. கருவி சொன்னது 67,000 அளவில். அதாவது நான்கு. அதைவிட முக்கியம், எல்லா மூலக்கூறும் ஒரே அளவு. கூழ் என்ற கொள்கை அத்தோடு ஆட்டங்காணத் தொடங்கியது. சுவெட்பேர்க்குக்கு 1926 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஒளிக்கு வருகின்றோம். எங்கள் உரையின் இதயம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈமோகுளோபின் நிறமுள்ளது. ஒளியை உறிஞ்சும். மூலக்கூறுகள் இறங்க இறங்கக் கலத்தின் மேற்பகுதி தெளியும். படத்தகட்டில் அந்த எல்லை நகருவது தெரியும். ஆனால் பெரும்பாலான புரதங்களுக்கு நிறமே இல்லை. கண்ணுக்கு அவை வெறும் தண்ணீர். ஊதாக் கடந்த ஒளிக்கு அப்படி அல்ல: புரதம் 280 நனோமீற்றர் அலைநீளத்தை அண்டியும் டி.என்.ஏ. 260 ஐ அண்டியும் நன்றாக உறிஞ்சும். சாதாரண கண்ணாடி அந்த ஒளியை விடாது என்பதால் கலத்தின் யன்னல்களைக் குவார்ட்சில் செய்தார்கள்.

உறிஞ்சாத பொருளையும் பார்க்க இன்னொரு வழி உண்டு. சித்திரை மாதத்து மத்தியானம் ஏ9 வீதியில் போயிருக்கின்றீர்களா? தூரத்தில் தார் ரோட்டு நனைந்தது போல மினுங்கும். அங்கே தண்ணீர் இல்லை. சூடான வளிக்கும் அதற்கு மேலுள்ள வளிக்கும் முறிவுச்சுட்டி வேறு வேறு என்பதால் ஒளி வளைகின்றது. எங்கள் தலைமுறைக்கு இன்னொரு உதாரணம் தேவையில்லை. கரண்ட் இல்லாத காலத்தில் ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்தவர்கள் நாங்கள். சுடருக்கு மேலே சுவரைப் பார்த்தால் சுவர் நெளியும். காணாத வளியைக் காண்பிக்கின்ற நெளிவு அது. பதினேழாம் நூற்றாண்டில் ரொபேட் ஹூக் மெழுகுதிரியை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். 1860களில் ஜெர்மனியரான ஓகஸ்ட் ரொப்ளர் இதை ஒழுங்கான அளவீட்டு முறையாக்கினார். வளைந்த கதிரை நேரான கதிரிலிருந்து பிரிக்க ஒரு கத்தி முனையை வைப்பதுதான் சூட்சுமம். வளையாத ஒளியைக் கத்தி மறைக்கும், வளைந்தது தப்பிப் போகும். ‘ஷ்லீரன்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் கோடுகள், கீறல்கள் என்று பொருள்.

கலத்திலும் இதே கதை. புரதம் இறங்கும்போது மேலே தெளிந்த திரவம், கீழே புரதக் கரைசல், இடையில் ஓர் எல்லை. அந்த எல்லையில் முறிவுச்சுட்டி மாறுவதால் ஒளி வளையும். உப்சாலாவில் ஒலே லாம் என்பவர் முதலில் மிக எளிமையான வழி ஒன்றைச் செய்தார்: கலத்துக்குப் பின்னால் கோடு போட்ட அளவுகோலை வைத்து, கலத்தின் ஊடாகப் படம் எடுப்பது. எல்லை இருக்கும் இடத்தில் அளவுகோலின் கோடுகள் விலகித் தெரியும். எவ்வளவு விலகின என்று ஒவ்வொன்றாக அளப்பது. முடிவு திருத்தமானது, வேலை முதுகை முறிப்பது. 1930களின் கடைசியில் இங்கிலாந்தில் பில்பொட்டும் சுவீடனில் ஸ்வென்சனும் சாய்ந்த கத்தி முனையையும் உருளை வில்லையையும் சேர்த்து, அந்த விலகலைத் தானாகவே ஒரு வரைபாக விழச் செய்தார்கள். எல்லை இருக்கும் இடத்தில் ஒரு மலை முகடு. புரதம் இறங்க இறங்க முகடு நகரும். இரண்டு புரதம் என்றால் இரண்டு முகடு. கலப்படமா, தூய்மையா என்று பார்த்தவுடன் தெரியும். கணக்கே போடாமல் ஒரு கரைசலின் குணத்தைக் கண்ணுக்குக் காட்டிய இந்தப் படங்களைப் போல அழகான அளவீடு எங்களுக்குத் தெரியாது. இன்றைய கணினித் திரையில் வருபவை திருத்தமானவை. அழகில் பழையதற்குக் கிட்ட வராது.

மூன்றாவது வழி தலையீடு. ஒரே கலத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் புரதக் கரைசல், மற்றதில் புரதம் இல்லாத அதே கரைப்பான். இரண்டின் ஊடாகவும் ஒரே ஒளியை விட்டுப் பின்னர் சேர்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டிகள் தோன்றும். புரதம் உள்ள பக்கத்தில் ஒளி கொஞ்சம் பிந்துவதால் பட்டிகள் இடம் பெயரும். மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிறாம் புரதம் என்றால், வழக்கமான 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கலத்தில் மூன்று பட்டிக்குச் சற்று மேலே நகரும். ஒரு பட்டியின் நூறில் ஒரு பங்கு நகர்வையும் இன்றைய கமரா வாசிக்கும். ஆனால் யன்னல் இழுவையில் துளி வளைந்தாலும் பட்டிகள் கெட்டுவிடும். அதற்காகக் குவார்ட்சை விட்டு நீலக்கல்லைப் போட்டார்கள். ஆம், இரத்தினபுரியில் எடுக்கும் அதே கனியம். ஆய்வுகூடத்தில் வளர்த்த நிறமற்ற செயற்கைக் கல். அதை விறைப்பாக வைத்திருக்கும் குணம்தான் இங்கே தேவை, நிறம் அல்ல.

உயர்தர உயிரியல் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு விடயம். மெசெல்சன், ஸ்ரால் என்ற இருவரின் பரிசோதனையைப் பாடமாக்கியிருப்பீர்கள். பற்றீரியாவைப் பாரமான நைதரசனில் வளர்த்து, பின்னர் சாதாரண நைதரசனுக்கு மாற்றி, டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கின்றது என்று 1958 இல் காட்டியது. புத்தகங்களில் சோதனைக் குழாய் ஒன்றும் அதில் பட்டிகளும் கீறியிருக்கும். நிற்பாட்டி எடுத்துப் பார்த்தது போல ஓர் எண்ணம் வரும். உண்மையில் கலம் சுழன்றுகொண்டே இருந்தது. சீசியம் குளோரைட்டுக் கரைசலில் டி.என்.ஏ.யை விட்டு, நிமிடத்துக்கு 44,770 சுற்றில் இருபது மணித்தியாலம் அளவில் ஓடவிட்டார்கள். உப்பு தானே அடர்த்தி மாற்றம் ஒன்றை உண்டாக்கும், டி.என்.ஏ. தன் அடர்த்திக்குப் பொருந்தும் இடத்தில் போய் நிற்கும். ஓட்டத்தின்போதே ஊதாக் கடந்த ஒளியில் படம் எடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் பாரமான இடத்துக்கும் இலேசான இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. இரண்டு தலைமுறைக்குப் பின் நடுவில் ஒன்று, இலேசான இடத்தில் ஒன்று. பரீட்சையில் நீங்கள் எழுதும் அந்த விடை, ஒளி விட்டுச் சென்ற சில கறுப்புக் கோடுகள்.

அதே பாடத்தில் இன்னொரு குழப்பம் வரும். பற்றீரியாவின் றைபோசோம் 70எஸ். அதன் பகுதிகள் 50எஸ், 30எஸ். ஐம்பதும் முப்பதும் எண்பது அல்லவா என்று கேட்காத வகுப்பு இல்லை. இந்த ‘எஸ்’ சுவெட்பேர்க்கின் பெயர். அது நிறையின் அலகு அல்ல. இழுவைக்கு ஏற்ப எவ்வளவு வேகமாக இறங்குகின்றது என்பதன் அலகு. நிறை கூடினால் வேகம் கூடும், ஆனால் உராய்வு உருவத்தைப் பொறுத்தது. இரண்டு பகுதி ஒட்டிக்கொண்டால் நிறை கூடும், உராய்வும் கூடும். ஆகவே எஸ் எண்ணைக் கூட்டிப் பார்க்க முடியாது.

றைபோசோம் என்றதும் மேரி பீற்றர்மன் என்ற பெண்ணைச் சொல்ல வேண்டும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே இடத்தின் பௌதிக இரசாயனப் பிரிவில் பதவி பெற்ற முதற் பெண் இரசாயனவியலாளர். பின்னர் நியூயோர்க்கின் சுலோன் கெற்றரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில், அதிவேக மையநீக்கியின் முகடுகளைப் பார்த்துப் பார்த்து, குழியத்துக்குள் இருந்த இந்தத் துணிக்கைகளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். றைபோசோம் என்ற பெயர் நிலைப்பதற்கு முன் அவற்றைப் ‘பீற்றர்மன் துணிக்கைகள்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த நிறுவனத்தில் முழு உறுப்பினரான முதற் பெண்ணும் அவரே. உப்சாலாவில் இங்கா பிரித்தா எரிக்சன்-குவென்செல் என்ற இன்னொருவர்; 1936 இல் புகையிலையைத் தாக்கும் வைரசின் புரதத்தைச் சுவெட்பேர்க்கோடு சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்தத் தலைப்பைக் கண்டதும் ஒரு நெருக்கம்.

இன்சுலின் கதையைத்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். இந்த மண்டபத்தில் எத்தனை பேரின் கைப்பையில் இன்சுலின் பேனை இருக்கின்றது என்று கேட்க மாட்டோம். எங்களுக்குள்ளேயே ஒருத்தி இருக்கின்றாள். 1931 இல் உப்சாலாக் கருவி இன்சுலினின் மூலக்கூற்று நிறையை 35,000 அளவில் என்று காட்டியது. வேறு சில புரதங்களும் அதே அளவில் வந்தன, ஈமோகுளோபின் அதன் இரட்டிப்பு. இதைக் கண்ட சுவெட்பேர்க்குக்கு ஆசை பிறந்தது: எல்லாப் புரதமும் 34,500 இன் மடங்காக இருக்க வேண்டும், இயற்கையில் ஒரே ஒரு செங்கல் இருக்கின்றது என்று கொள்கை வகுத்தார். அது சரிவரவில்லை. 1950களில் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டபோது அதன் நிறை 5,800 தான்.

அப்படியானால் கருவி பொய் சொன்னதா? இல்லை. 1969 இல் டொரத்தி ஹொட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும், அவர் இளம் வயதில் தொடங்கிய இன்சுலின் பளிங்கு ஆய்வை முடித்து, அதன் உருவத்தை வெளியிட்டார்கள். நாகத்தைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கின்றன. ஆறு தடவை 5,800, ஏறத்தாழ 35,000. கருவி கண்டது ஆறு பேர் சேர்ந்து ஓடும் கூட்டத்தை. அளவீடு சரி, அதற்கு மனிதர் கொடுத்த விளக்கம் வேறு. இன்று இது வெறும் சரித்திரம் அல்ல. ஊசி போட்ட இடத்தில் ஆறு பேர் கூட்டம் பிரிந்து தனித்தனி ஆனால்தான் இன்சுலின் இரத்தத்தில் கலக்கும். அந்தக் கூட்டம் கெதியில் பிரியும்படி மாற்றிச் செய்த இன்சுலின்கள் 1996 இலிருந்து மருந்தாக வருகின்றன. சாப்பாட்டுக்குச் சற்று முன் போடலாம் என்று வைத்தியர் சொல்வது அவற்றைத்தான். எத்தனை பேர் சேர்ந்திருக்கின்றார்கள் என்று திறக்காமல், ஒட்டாமல், சாயம் பூசாமல் பார்ப்பதற்கு இந்தச் சுழற்சி நல்ல வழி.

1947 இலிருந்து அமெரிக்காவில் ‘மொடல் ஈ’ என்ற பெரிய இயந்திரம் விற்பனைக்கு வந்து பல ஆய்வுகூடங்களுக்குப் போனது. பிறகு மலிவான ஜெல் முறைகள் வந்ததும் அவற்றை அனேகர் கைவிட்டார்கள். 1990களில் கணினியோடு புதிய இயந்திரம் வந்து, கலை மீண்டும் உயிர்பெற்றது. கனடாத் தோழியின் தினசரி வேலை அதில்தான். மரபணுச் சிகிச்சைக்கு வைரசின் வெறும் கோதுக்குள் நல்ல மரபணுவை வைத்து அனுப்புகின்றார்கள். தயாரிக்கும்போது சில கோதுகள் நிரம்பியிருக்கும், சில வெறுமையாக இருக்கும். கோம்பையான கச்சானும் பருப்புள்ள கச்சானும் போல, வெளியே வித்தியாசம் இல்லை. சுழற்றினால் நிரம்பியது முந்தும், வெறுமை பிந்தும். ஒளி இரண்டையும் தனித்தனியாக எண்ணித் தரும். குழந்தை ஒன்றுக்கு ஏற்றும் மருந்தில் எத்தனை வீதம் வெறும் கோது என்று அந்த வரைபைப் பார்த்துக் கையெழுத்து வைப்பவள் எங்கள் வகுப்புத் தோழி. அதே சமயம், அகச்சிவப்பு ஒளியைக் குழாயின் முழு நீளத்துக்கும் பாய்ச்சி, தேங்காய்ப்பால் போன்ற கலவைகள் எவ்வளவு நாளில் பிரியும் என்று முன்கூட்டிச் சொல்லும் மேசைக் கருவிகளும் வந்துவிட்டன. முதற்பால் மேலே கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரவு முழுக்க இருக்கத் தேவையில்லை.

இனி, இதை ஏன் இங்கே வாசிக்கின்றோம் என்பது. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கின்றது. வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லத் துணிவும் இல்லை. ஆனால் பௌதிக ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில், நாங்கள் வில்லையும் அரியமும் வைத்துச் செய்முறை செய்த இருட்டறை இன்று உடைந்த கதிரைகள் அடுக்கும் இடமாக இருக்கின்றது. தங்கைமார் ஒளியியலை வெண்பலகையில் படிக்கின்றார்கள். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுக்கின்றார்கள். பட்டி நகருவதைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் என்று போன கிழமை கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. அந்த அறையைத் துப்புரவாக்கி, ஓர் ஒளியியல் வாங்கு, சில வில்லைகள், ஒரு லேசர், இரண்டு குழிவாடிகள் வாங்கிக் கொடுக்க நாங்கள் நால்வரும் ஆரம்பத் தொகை போட்டிருக்கின்றோம். மிகுதிக்கு உங்களைக் கேட்கின்றோம். செயலாளரிடம் தனியான பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கின்றது. வெளிநாட்டுக் கிளைகளுக்கும் விபரம் அனுப்பியிருக்கின்றோம். சென்றிபியூஜ் கேட்கவில்லை, அது கிடைக்கிற இடத்துக்கு இந்தப் பிள்ளைகள் தாங்களாகப் போய்ச் சேருவார்கள்.

மேடைக்கு இடப்பக்கம் வானியல் வட்டத்தாரின் தொலைகாட்டி ஆடி ஒன்று நிற்கின்றது. அதற்கு எதிரே ஒரு ரோர்ச் வெளிச்சம், ஊசித் துளை, சவர அலகு ஒன்று. ரொப்ளர் செய்த அதே ஒழுங்கு, எங்கள் செலவு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இப்போது அந்தப் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கின்றோம். ஆடிக்கு முன்னால் மெழுகுதிரி வேண்டியதில்லை. உங்கள் வெறுங்கையை நீட்டினாலே போதும், விரல்களிலிருந்து சூடு எழும்பி மேலே போவது திரையில் தெரியும். பத்துப் பத்துப் பேராக வாருங்கள், தங்கைமார் முதலில். அலகைத் தொட வேண்டாம். தேநீர் அதற்குப் பிறகுதான்.